லேப்டாப் வந்தது, சர்வர் எங்கே?

2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கியது. தொடக்க விழா நடந்தது சென்னையில் அல்ல, நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான். முதல் ஆண்டுக்கென்றே 9 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்களை வாங்க எல்காட் நிறுவனம் டெண்டர் விட்டது. அந்த லேப்டாப்களில் விண்டோஸுடன் சேர்த்து, பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு ஆப்பரேட்டிங் சிஸ்டமும் பதிந்து தரப்பட்டது. சென்னையில் உள்ள சி-டாக் மையம் உருவாக்கிய, இந்திய மொழிகளுக்கு இடம் கொடுக்கும் லினக்ஸ் அது.

லேப்டாப்பை ஆன் செய்தால் இரண்டில் எது வேண்டும் என்று கேட்கும். பல வீடுகளில் அந்தக் கேள்விக்கு விண்டோஸ் என்பதுதான் பதிலாக இருந்தது. பாஸ் லினக்ஸ் பக்கம் போனவர்கள் குறைவு. போனவர்களிலும், அதை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்று யாராவது உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்களா என்றால், பெரும்பாலும் இல்லை. லேப்டாப்பில் படம் பார்த்தோம், பாட்டுக் கேட்டோம், கல்லூரி புராஜெக்டை டைப் செய்தோம். ஆனால் அதே லேப்டாப்பை ஒரு வெப்சைட்டை நடத்தும் சர்வராக மாற்றலாம், அதற்கு ஒரு பைசா செலவில்லை என்பது பலருக்கும் தெரியாமலே போயிற்று.

இந்தக் கட்டுரையின் வாதம் இதுதான்: ஓப்பன் சோர்ஸ் வெப் சர்வர் என்பது பெரிய கம்பெனி இன்ஜினியர்களுக்கு மட்டும் உரிய விஷயம் அல்ல. மணவாள நகரில் ஒரு வீட்டு மேஜை மீதிருக்கும் கம்ப்யூட்டரில் அதை நிறுவிப் பழக முடியும், பழகவும் வேண்டும். பழகாவிட்டால் நஷ்டம் நமக்குத்தான். எப்படி என்று பார்ப்போம்.

சர்வர் என்றால் யார்?

நம் ஊர் ஓட்டலில் சர்வர் என்றால் எல்லோருக்கும் தெரியும். நாகேஷ் 1964-இல் 'சர்வர் சுந்தரம்' ஆக வந்த நாளிலிருந்து அந்தச் சொல் நமக்குச் சொந்தம். வெப் சர்வரும் அதே வேலையைத்தான் செய்கிறது. உங்கள் பிரவுசர்தான் மேஜையில் உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளர். நீங்கள் டைப் செய்யும் முகவரிதான் ஆர்டர். சர்வர் அந்த ஆர்டரைக் கேட்டு, சமையல்கட்டுக்குப் போய், தயாராக இருக்கும் ஃபைலை எடுத்து வந்து உங்கள் முன் வைக்கிறது. ஃபைல் தயாராக இல்லை, அப்போதுதான் வார்க்க வேண்டிய தோசை என்றால், பிஎச்பி போன்ற ஒரு மொழியில் எழுதிய புரோகிராமிடம் சொல்லி, சுடச்சுடத் தயாரித்துக் கொண்டு வருகிறது.

பிரவுசரில் அவ்வப்போது நீங்கள் பார்க்கும் எண்களும் இந்தச் சர்வர் சொல்லும் பதில்கள்தான். 404 என்றால், "அப்படி ஒரு ஐட்டம் இங்கே இல்லை சார்". 403 என்றால், "இருக்கிறது, ஆனால் உங்களுக்குத் தர அனுமதி இல்லை". 500 என்றால், "சமையல்கட்டில் ஏதோ தகராறு". 503 என்றால், "இப்போது முடியாது, கொஞ்சம் பொறுத்து வாருங்கள்". 301 என்றால், "அது வேறு இடத்துக்கு நிரந்தரமாக மாறிவிட்டது, அங்கே போங்கள்".

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சர்வர் என்பது முதலில் ஒரு சாஃப்ட்வேர். குளிர்சாதன அறையில் இருக்கும் பெரிய மெஷினையும் சர்வர் என்கிறோம் என்பது உண்மைதான். ஆனால் அந்த வேலையைச் செய்வது அதனுள் ஓடும் சாஃப்ட்வேர். அதே சாஃப்ட்வேர் உங்கள் வீட்டு கம்ப்யூட்டரிலும் ஓடும். 512 எம்பி ரேம் உள்ள பழைய பெட்டிகூட ஒரு சிறிய வெப்சைட்டுக்குப் போதும்.

ஒட்டுப் போட்டு வளர்ந்த கதை

உலகின் முதல் வெப் சர்வரை டிம் பெர்னர்ஸ்-லீ 1990-இல் ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் ஓடவிட்டார். 1993 ஏப்ரல் 30-இல் செர்ன் அந்த மென்பொருளை யாருக்கும் காப்புரிமை இல்லாத பொதுச்சொத்தாக அறிவித்தது. வெப் இன்று இவ்வளவு பரவியிருப்பதற்கு அந்த ஒரு முடிவு பெரிய காரணம்.

அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் உள்ள என்சிஎஸ்ஏ மையத்தில் ராப் மெக்கூல் என்பவர் இன்னொரு வெப் சர்வரை எழுதினார். அதுதான் அப்போது பிரபலம். ஆனால் 1994-இல் அவர் அந்த மையத்தைவிட்டு வெளியேற, சாஃப்ட்வேரைக் கவனிக்க ஆளில்லாமல் போயிற்று. அதை நம்பி வெப்சைட் நடத்திக்கொண்டிருந்தவர்கள் என்ன செய்தார்கள்? ஆளுக்கொரு பக்கம் பிழைகளைத் திருத்திக்கொண்டார்கள். பிறகு, தனித்தனியே திருத்துவதைவிட ஒன்றாகச் சேர்ந்து திருத்தினால் என்ன என்று யோசித்தார்கள். 1995 பிப்ரவரியில் எட்டுப் பேர் இமெயிலில் கூடி அப்பாச்சி குழுவைத் தொடங்கினார்கள். ஏப்ரலில் முதல் பதிப்பு வெளிவந்தது. டிசம்பர் 1-ஆம் தேதி 1.0 பதிப்பு வந்தது. 1996 ஏப்ரலில் நெட்கிராஃப்ட் கணக்கெடுப்பில் உலகிலேயே அதிக வெப்சைட்டுகளை நடத்தும் சர்வர் அப்பாச்சிதான். 2005 வாக்கில் ஏறத்தாழ 70 சதவீத வெப்சைட்டுகள் அதன் கையில் இருந்தன.

இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. எழுதியவர் போய்விட்டார், ஆனாலும் சாஃப்ட்வேர் சாகவில்லை. காரணம், அதன் சோர்ஸ் கோடு எல்லோரிடமும் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஊரைவிட்டுப் போனாலும் பொதுக் கிணறு ஊரில் இருப்பது போல. மூடிய சாஃப்ட்வேராக இருந்திருந்தால், கம்பெனி கைவிட்ட அன்றே நாமும் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருப்போம்.

1998-இல் ஐபிஎம் நிறுவனமே, தன் வெப்ஸ்பியர் தயாரிப்புக்கு அப்பாச்சியை அடிப்படையாக எடுத்துக்கொண்டது. 1999-இல் அப்பாச்சி சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் என்ற லாப நோக்கமில்லாத அமைப்பு உருவானது. அதன் உரிமம் மிகத் தாராளமானது. யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், தங்கள் தயாரிப்பில் சேர்த்து விற்கலாம். உரிமக் குறிப்பை நீக்கக்கூடாது, யாருடைய உழைப்பு என்பதை மறைக்கக்கூடாது, அவ்வளவுதான்.

ஒரு மேஜைக்கு ஒரு சர்வரா?

அப்பாச்சி தொடக்கத்தில் வேலை செய்த விதம், ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு சர்வர் என்ற கணக்கு. ஒருவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அந்தச் சர்வர் அவர் பக்கத்திலேயே நிற்பார். நூறு பேர் வந்தால் நூறு சர்வர். சிறிய ஓட்டலுக்குச் சரி. முகூர்த்த நாளில் பத்தாயிரம் பேர் வந்தால்? நிற்கவே இடம் இருக்காது. கம்ப்யூட்டரில் அந்த இடம்தான் ரேம்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க ரஷ்யாவின் இகோர் சிசோயெவ் 2002-இல் எழுதத் தொடங்கியதுதான் என்ஜின்எக்ஸ். 2004-இல் அது பொதுவெளிக்கு வந்தது. இதில் சர்வர்கள் சிலரே. ஒரு மேஜையில் ஆர்டர் எடுத்துக்கொண்டு, அது தயாராகும்வரை காத்து நிற்காமல் அடுத்த மேஜைக்குப் போய்விடுவார்கள். தயாரானதும் மணியடிக்கும், எடுத்துக்கொண்டு வருவார்கள். குறைந்த ரேமில் ஆயிரக்கணக்கானவர்களைக் கவனிக்க முடிந்தது. 2019-இல் நெட்கிராஃப்ட் கணக்கில் என்ஜின்எக்ஸ் அப்பாச்சியை முந்தியது. அப்பாச்சியும் சும்மா இருக்கவில்லை. 2012-இல் வந்த 2.4 பதிப்பில் இதே போன்ற முறையை அதுவும் சேர்த்துக்கொண்டது.

புதிதாகக் கற்பவர் எதைத் தேர்ந்தெடுப்பது? எங்கள் யோசனை அப்பாச்சி. பாடப்புத்தகங்களும் உதவிக் குறிப்புகளும் ஏராளம். அதில் அடிப்படை பிடிபட்டால் என்ஜின்எக்ஸுக்கு மாறுவது ஒரு வார வேலை. 2015-இல் வந்த கேடி என்ற சர்வரையும் அதன் பிறகு பார்க்கலாம். பூட்டுப் படத்துடன் வரும் பாதுகாப்பான இணைப்புக்குத் தேவையான சான்றிதழை அதுவே வாங்கிப் புதுப்பித்துக்கொள்ளும்.

இலவசம் என்றால் பாதுகாப்பு இருக்குமா?

வாசகர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. "சோர்ஸ் கோடு எல்லோருக்கும் தெரிந்தால் திருடனுக்கும் தெரியுமே?" என்பார்கள். நியாயமான சந்தேகம்தான். நடந்தவற்றைப் பார்ப்போம்.

2001 ஜூலையில் கோட் ரெட் என்ற புழு மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் வெப் சர்வரைத் தாக்கியது. ஜூலை 19-ஆம் தேதி 14 மணி நேரத்துக்குள் 3,59,000-க்கும் அதிகமான கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டன. ஐஐஎஸ்ஸின் சோர்ஸ் கோடு மூடியேதான் இருந்தது. மூடி வைத்ததால் திருடன் வராமல் இல்லை. ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் ஒரு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது. பலர் அதைப் போட்டுக்கொள்ளவில்லை.

ஓப்பன் சோர்ஸ் பக்கமும் குறையில்லாமல் இல்லை. 2014-இல் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற துணை மென்பொருளில் ஹார்ட்பிளீட் ஓட்டை தெரிய வந்தபோது உலகமே பதறியது. 2021-இல் அப்பாச்சியின் 2.4.49 பதிப்பில், காட்டக்கூடாத ஃபைல்களை வெளியாள் எடுக்க வழிசெய்யும் பிழை இருந்தது. அக்டோபர் 4-ஆம் தேதி வந்த திருத்தம் முழுமையாக இல்லை. அதை உலகம் முழுவதும் உள்ளவர்கள் பரிசோதித்துக் குறையைச் சொல்ல, அக்டோபர் 7-ஆம் தேதியே அடுத்த திருத்தம் வந்தது.

ஆக, திறந்ததா மூடியதா என்பதைவிட, அப்டேட் செய்கிறீர்களா இல்லையா என்பதே பெரிய கேள்வி. திறந்த சாஃப்ட்வேரில் பிழையைத் தேடும் கண்கள் அதிகம், திருத்தத்துக்குக் காசும் இல்லை. ஆனால் அந்தத் திருத்தத்தை உங்கள் கம்ப்யூட்டரில் போட வேண்டியவர் நீங்கள்தான். திருட்டு சிடியிலிருந்து ஏற்றிய சாஃப்ட்வேர் வைத்திருப்பவர் அப்டேட் பட்டனைத் தொடவே பயப்படுவார். ஓப்பன் சோர்ஸில் அந்தப் பயம் இல்லை. இது சிறிய நன்மை அல்ல.

தமிழுக்கு என்ன?

வெப் சர்வருக்கும் தமிழுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கலாம். நெருங்கிய சம்பந்தம் உண்டு.

2000-களில் தமிழ் வெப்சைட் நடத்தியவர்களுக்கு நினைவிருக்கும். பக்கத்தை யூனிகோடில் சரியாகவே டைப் செய்திருப்பார்கள். வீட்டில் திறந்தால் தமிழ் தெரியும். சர்வரில் ஏற்றிப் பார்த்தால் மேலே கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும். ஃபான்ட்டைக் குறை சொல்வார்கள், பிரவுசரைக் குறை சொல்வார்கள். காரணம் பல நேரங்களில் சர்வரில் இருந்தது. எந்த எழுத்துக்குறியீட்டில் பக்கம் இருக்கிறது என்பதைப் பக்கத்துக்கு முன்பே சர்வர் பிரவுசருக்குச் சொல்லி அனுப்பும். அப்பாச்சி 2.0 காலத்து செட்டிங் ஃபைலில் அந்த இடத்தில் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான குறியீடு போடப்பட்டிருந்தது. பக்கத்துக்குள் நீங்கள் என்ன எழுதினாலும், சர்வர் சொல்வதைத்தான் பிரவுசர் முதலில் நம்பும். அந்த ஒரு வரியை யூடிஎஃப்-8 என்று மாற்றினால் தமிழ் பளிச்சென்று வரும். சோர்ஸும் செட்டிங்கும் நம் கையில் இருந்ததால்தான் இதை நாமே சரிசெய்ய முடிந்தது.

இன்னொன்று. யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட் வேண்டும். 'தமிழ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கம்ப்யூட்டருக்கு அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள், ஆகவே 15 பைட். இதனால் தமிழ்ப் பக்கங்கள் கனமாகின்றன. ஆனால் அந்த மூன்று பைட்டில் முதலாவது எல்லாத் தமிழ்க் குறிகளுக்கும் ஒன்றேதான், இரண்டாவது இரண்டே வகை. திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருவதைச் சுருக்குவது எளிது. அப்பாச்சியில் டிஃப்லேட் என்ற மாட்யூலை இயக்கிவிட்டால், பக்கத்தை நன்றாகச் சுருக்கி அனுப்பும், பிரவுசர் விரித்துக்கொள்ளும். செல்போன் டேட்டாவில் படிப்பவருக்கு எவ்வளவு மிச்சம் பாருங்கள்! தமிழில் வெப்சைட் நடத்தும் யாரும் முதலில் செய்ய வேண்டிய வேலை இது.

2003-இல் தொடங்கி இன்று ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகள் உள்ள தமிழ் விக்கிப்பீடியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பின்னணியில் லினக்ஸ், அப்பாச்சி, பிஎச்பி, மரியாடிபி, மீடியாவிக்கி. எல்லாமே ஓப்பன் சோர்ஸ். எழுத்தும் நம்முடையது, அதைத் தாங்கும் மேடையும் பொதுவுடைமை.

தமிழ்நாட்டில் விதை போட்டார்கள், தண்ணீர்?

ஓப்பன் சோர்ஸ் விஷயத்தில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலம் அல்ல. 2005-இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயு-கேபிசி மையமும் சென்னை சி-டாக் மையமும் சேர்ந்து, கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. 2007 வாக்கில் எல்காட் நிறுவனம் தன் அலுவலகக் கம்ப்யூட்டர்களை சுசே லினக்ஸுக்கு மாற்றியது. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியபோது, பாஸ் லினக்ஸுக்கு மாறுமாறு அரசு அலுவலகங்களுக்குத் தமிழக அரசு அறிவுறுத்தியது. 2015-இல் மத்திய அரசும் ஓப்பன் சோர்ஸுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை வெளியிட்டது. பிளஸ் 2 கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் பிஎச்பியும் மைஎஸ்கியூஎல்லும் இடம்பெற்றுள்ளன. 2012 முதல் கணியம் இதழ் லினக்ஸ், மைஎஸ்கியூஎல் போன்றவற்றைத் தமிழிலேயே எழுதி இலவச மின்னூல்களாகத் தருகிறது.

இவ்வளவு இருந்தும் ஏன் நம் தெருவில் அப்பாச்சி தெரிந்த பையன் கிடைப்பது அரிதாக இருக்கிறது? நம் கருத்து இதுதான். பெட்டியைக் கொடுத்தார்கள், பாடத்தையும் அச்சிட்டார்கள். இரண்டையும் இணைக்கும் அந்த ஒரு மணி நேர செய்முறை இல்லாமல் போயிற்று. வெப் சர்வர் என்றால் என்ன என்று இரண்டு மதிப்பெண் கேள்விக்குப் பதில் எழுதும் மாணவர், அதே சர்வரைத் தன் லேப்டாப்பில் நிறுவித் தன் பெயரைப் பிரவுசரில் பார்த்ததில்லை. நீச்சலைக் கரும்பலகையில் படித்ததைப் போலத்தான்.

2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. மீண்டும் பெட்டி என்றால், இந்த முறை பாடமும் சேர்ந்து வர வேண்டும் என்று கேட்பது தவறா?

காக்களூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் என்ன லாபம்?

காக்களூர் சிட்கோவில் பத்துப் பேரை வைத்து உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறை இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெளிமாநிலத்துக் கம்பெனி ஒன்று ஆர்டர் தரும் முன் வெப்சைட் முகவரி கேட்கிறது. முதலாளி ஒரு டிசைனரிடம் பணம் கொடுத்து வெப்சைட் போடுகிறார். மூன்று வருடம் கழித்து டிசைனரின் போன் எடுபடவில்லை. டொமைன் பெயர் அந்த டிசைனரின் பெயரில் இருக்கிறது, பாஸ்வேர்டு அவரிடம் இருக்கிறது, வெப்சைட்டின் காப்பி யாரிடமும் இல்லை. தன் கடைப் பெயர்ப் பலகையைத் தானே தொட முடியாத நிலை. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் இருக்கும் சிறு சப்ளையருக்கும் இதே நிலை வரலாம்.

வெப்சைட்டே வேண்டாம், சோஷியல் மீடியா பக்கம் போதும் என்பவர்களும் உண்டு. ஓசி இடத்தில் கட்டிய குடிசை அது. இலவசமாக இடம் கொடுத்த ஜியோசிட்டீஸை யாகூ 2009 அக்டோபரில் மூடியது. தமிழில் தொடக்க காலத்தில் எழுதியவர்கள் பலரின் பக்கங்களும் அதோடு போயின. 2019 ஏப்ரலில் கூகுள் பிளஸ் மூடப்பட்டது. இடம் அவர்களுடையது, எப்போது காலி செய்யச் சொல்வார்கள் என்பதும் அவர்கள் இஷ்டம்.

வெப் சர்வர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்த ஒருவர் ஊரில் இருந்தால் இந்தக் கதை மாறும். பட்டறையின் வெப்சைட் முழுவதும் ஒரு பென் டிரைவில் இருக்கும். ஹோஸ்டிங் கம்பெனி சரியில்லை என்றால் அதை எடுத்துக்கொண்டு வேறு கம்பெனிக்கு மாறலாம். அங்கேயும் அதே அப்பாச்சிதான் இருக்கும். டிப்ளமோ, பிசிஏ முடித்துவிட்டு தினமும் மின்சார ரயிலில் சென்னைக்கு வேலை தேடிப் போகும் நம் பிள்ளைகளில் சிலருக்கு, திருவள்ளூரிலேயே மதிப்புள்ள வேலையும் இதில் இருக்கிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை செய்து பாருங்கள்

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் எக்ஸ்ஏஎம்பிபி என்ற தொகுப்பை அப்பாச்சி ஃபிரண்ட்ஸ் தளத்திலிருந்து டவுன்லோடு செய்யுங்கள். 2002 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. அப்பாச்சி, மரியாடிபி, பிஎச்பி மூன்றும் ஒரே இன்ஸ்டாலில் வந்துவிடும். கன்ட்ரோல் பேனலில் அப்பாச்சிக்கு எதிரே உள்ள ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள். பச்சை நிறம் வந்தால் சர்வர் ஓடுகிறது. வராவிட்டால், 80-ஆம் எண் போர்ட்டை வேறு ஏதோ புரோகிராம் பிடித்து வைத்திருக்கும். அதை நிறுத்துங்கள், அல்லது அப்பாச்சியின் போர்ட்டை 8080 என்று மாற்றுங்கள். மாற்றினால் பிரவுசரில் முகவரிக்குப் பின் முக்காற்புள்ளி இட்டு அந்த எண்ணையும் சேர்த்து டைப் செய்ய வேண்டும்.

பாஸ் லினக்ஸ், டெபியன், உபுண்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னும் எளிது. சாஃப்ட்வேர் நிறுவும் இடத்தில் அப்பாச்சி2 என்று தேடி இன்ஸ்டால் கொடுத்தால் போதும். சர்வர் தானே ஓட ஆரம்பித்துவிடும்.

இனி பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். அல்லது 127.0.0.1 என்று கொடுங்கள். அப்பாச்சியின் வரவேற்புப் பக்கம் தெரியும். எக்ஸ்ஏஎம்பிபியில் எச்டிடாக்ஸ் என்ற ஃபோல்டரில் நீங்கள் போடும் பக்கம் இங்கே தெரியும். நோட்பேடில் நாலு வரி தமிழில் டைப் செய்து, யூடிஎஃப்-8 ஆக சேவ் செய்து போட்டுப் பாருங்கள். பிறகு அதே வைஃபையில் உள்ள செல்போனை எடுத்து, கம்ப்யூட்டரின் 192.168 என்று தொடங்கும் முகவரியை அதன் பிரவுசரில் கொடுங்கள். விண்டோஸ் ஃபயர்வால் அனுமதி கேட்டால் வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும் கொடுங்கள். உங்கள் பக்கம் செல்போனில் வரும். இன்டர்நெட் இல்லாமலே! வெப் என்பது எங்கோ மேகத்தில் இருக்கும் மாயம் அல்ல என்பது அந்த நொடியில் புரிந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. வீட்டு சர்வரை அப்படியே உலகத்துக்குத் திறந்துவிடாதீர்கள். எக்ஸ்ஏஎம்பிபி பழகுவதற்காகச் செய்யப்பட்டது. அதன் டேட்டாபேஸுக்குத் தொடக்கத்தில் பாஸ்வேர்டுகூட இருக்காது. மேலும் வீட்டு இணைப்பில் ஐபி முகவரி மாறிக்கொண்டே இருக்கும். பல கம்பெனிகள் ஒரே முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து தருவதால், வெளியிலிருந்து உங்கள் வீட்டுக்கு நேராக வரவும் முடியாது. கரன்ட் போனால் வெப்சைட்டும் போகும். ஆகவே வீட்டில் பழகுங்கள், வாடகை சர்வரில் வெளியிடுங்கள். மாதம் சில நூறு ரூபாயில் லினக்ஸ் விபிஎஸ் கிடைக்கிறது. டொமைன் பெயரை உங்கள் பெயரில், உங்கள் இமெயிலில் பதிவு செய்யுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு 2015-இன் இறுதியிலிருந்து பாதுகாப்புச் சான்றிதழை இலவசமாகத் தருகிறது. தமிழிலேயே '.இந்தியா' என்று முடியும் பெயரும் உண்டு. ஆனால் சர்வர் செட்டிங்கில் அதற்குரிய ஆங்கில எழுத்து வடிவத்தைத்தான் கொடுக்க வேண்டும்.

"எல்லாம் கிளவுடில் இருக்கிறதே, இது எதற்கு?"

கேட்பார்கள். கிளவுட் என்பது இன்னொருவருடைய கம்ப்யூட்டர், அவ்வளவுதான். அங்கே ஓடுவதும் லினக்ஸும் என்ஜின்எக்ஸும் அப்பாச்சியும்தான். இங்கே கற்றது அங்கே அப்படியே பயன்படும். கார் ஓட்டத் தெரிந்தவர்தான் வாடகைக் காரையும் ஓட்ட முடியும்.

"எனக்கு வெப்சைட்டே தேவையில்லை" என்பவருக்கும் ஒரு பயன் சொல்கிறோம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத கம்ப்யூட்டர்கள் வீடுகளிலும் பள்ளிகளிலும் நிறைய இருக்கின்றன. அவற்றைப் பழைய சாமான் கடைக்குப் போடாதீர்கள். லினக்ஸ் ஏற்றி, கிவிக்ஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேரை நிறுவுங்கள். தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே ஃபைலாக ஒருமுறை டவுன்லோடு செய்து வைத்தால், அந்த ஒரு பழைய பெட்டி பள்ளி லேபில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டருக்கும் கலைக்களஞ்சியத்தைப் பரிமாறும். இன்டர்நெட் பில் கிடையாது. இன்டர்நெட் போய்ப் போய் வரும் கிராமத்துப் பள்ளிக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று ஆசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள்.

நம் கோரிக்கை மூன்றே மூன்று. அரசு மேல்நிலைப் பள்ளி, பாலிடெக்னிக் லேப் ஒவ்வொன்றிலும் மாணவர்களே நிறுவி, மாணவர்களே கவனித்துக்கொள்ளும் ஒரு வெப் சர்வர் இருக்கட்டும். அரசு தரும் லேப்டாப்புடன், அதில் சர்வர் நிறுவுவதற்குத் தமிழில் நான்கு பக்க வழிகாட்டி ஒன்றும் வரட்டும். சிட்கோ, சிப்காட் தொழில்முனைவோர் சங்கங்கள், பக்கத்துக் கல்லூரி மாணவர்களை வைத்து உறுப்பினர்களின் வெப்சைட்டுகளைச் சொந்தப் பெயருக்கு மாற்றித் தரட்டும். கோடிக்கணக்கில் செலவு பிடிக்கும் திட்டம் எதுவும் இதில் இல்லை. சாஃப்ட்வேர் இலவசம், பெட்டி ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது.

வேண்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அந்த மதியத்தை இந்த வாரமே ஒதுக்கிவிடுங்கள், வீட்டில் பிளஸ் 2 படிக்கும் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.